எங்க வீட்டுல சாப்பிடுவியளா?

குருமனைக்கு இரண்டு வாசல். முன்வாசலில் வந்து நிற்கிறவர்களுக்கு ஐயரிடம் வேலை இருக்கும். கல்யாண ஓலை வாசிக்க வேண்டும், ஞானஸ்நானச் சான்றிதழ் வேண்டும், கல்லறைத் தோட்டத்தில் இடம் வேண்டும், எதுவும் இல்லையென்றால் சபைச் செயலாளர் மேல் ஒரு புகார். பின்வாசலில் நிற்கிறவர்கள் என்னைத் தேடி வந்தவர்கள். "ஐயரம்மா, கொஞ்சம் சீனி இருக்கா?" என்று ஆரம்பிக்கும். சீனி கைக்கு வந்த பிறகும் போகமாட்டார்கள். அடுப்படித் திண்டில் உட்கார்ந்து, மகளுக்கு வரன் தள்ளிப் போவதில் தொடங்கி மருமகனின் குடி வரைக்கும் பேசி முடித்துவிட்டு, எழுந்து போகும்போது, "பிள்ளைக்காக ஒரு ஜெபம் பண்ணுங்கம்மா" என்பார்கள். அப்படிக் கேட்டவர்களில் பலர் எங்கள் சபையைச் சேர்ந்தவர்களே இல்லை.

வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்கிறேன். திருநெல்வேலிச் சீமையில் சி.எஸ்.ஐ. சபைக்காரர்கள் போதகரை ஐயர் என்றுதான் கூப்பிடுவோம். அவர் குடியிருக்கும் வீடு குருமனை, அவர் மனைவி ஐயரம்மா. சில ஊர்ச் சபைகள் சேர்ந்தது ஒரு சேகரம். சில வருஷத்துக்கு ஒருமுறை சேகரம் மாற்றுவார்கள். சட்டி பானையைக் கட்டிக்கொண்டு அடுத்த குருமனைக்குப் போய்விட வேண்டும். தேரிக்காட்டு ஊர், கரிசல்காட்டு ஊர், ஆற்றங்கரை ஊர் என்று எல்லாவற்றிலும் நான் அடுப்பு மூட்டியிருக்கிறேன். இப்போது என் வீட்டுக்காரர் ஓய்வு பெற்றுவிட்டார். பாளையங்கோட்டையில் வாடகை வீட்டில் இருக்கிறோம். சீனி கேட்டு வருகிறவர்கள் இங்கேயும் வருகிறார்கள்.

கிறிஸ்தவம் எப்படிப் பரவியது என்று கேட்டால் வெள்ளைக்காரன், பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, பணம் என்று வரிசையாகச் சொல்வார்கள். அதெல்லாம் இல்லவே இல்லை என்று நான் சாதிக்க வரவில்லை. ஆனால் எங்கள் பக்கத்துச் சபைச் சரித்திரத்தைக் கொஞ்சம் உட்கார்ந்து வாசித்தால் வேறொன்று தெரியும். விசுவாசம் ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குத்தான் போயிருக்கிறது. ஒருவர் வீட்டில் ஒருவர் கை நனைக்காத இடம் வந்ததும் அங்கேயே நின்றுபோயிருக்கிறது.

எங்கள் வீட்டிலிருந்து நடந்து போகிற தூரத்தில் ஒரு பழைய கிறிஸ்தவக் கோயில் இருக்கிறது. ஊரில் அதற்குப் பாப்பாத்தியம்மாள் கோயில் என்று பெயர். கட்டியவள் குளோரிந்தா, ஒரு மராத்தியப் பிராமண விதவை. கணவனின் சிதையில் ஏற இருந்தவளை லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரி காப்பாற்றித் தன்னோடு வைத்துக்கொண்டார் என்று வழிவழியாகச் சொல்வார்கள். அவளுக்கு வேதத்தைச் சொல்லிக்கொடுத்ததும் அவர்தான். மணம் முடிக்காமல் சேர்ந்து வாழ்ந்ததால், தஞ்சாவூரிலிருந்து வந்த சுவார்ட்ஸ் ஐயர் அவளுக்கு ஞானஸ்நானம் கொடுக்க முதலில் மறுத்தார். அதிகாரி இறந்த பிறகு 1778இல் கொடுத்தார். 1780இல் எழுதிய சபைப் பதிவேட்டில் 40 பேர், முதல் பெயர் குளோரிந்தா. பாளையங்கோட்டையில் இருந்த கோட்டையைச் சுற்றி வாழ்ந்த பல சாதிக்காரர்கள் அந்த 40 பேரில் இருந்தார்கள். 1785இல் கோயில் பிரதிஷ்டை ஆனது. எந்தச் சங்கமும் அனுப்பாத ஒரு பெண்ணின் வீட்டைச் சுற்றி எழுந்த சபை அது.

அதன் பிறகு வேகம் கூடியது. தஞ்சாவூர்ப் பக்கம் போய்க் கிறிஸ்தவனான சுந்தரானந்தம் தாவீது, தன் சொந்த பந்தங்களைத் தேடிச் சாத்தான்குளம் வட்டாரத்துக்குத் திரும்பி வந்தான். மாமன், மச்சான், சித்தப்பா வீடுகளில்தான் பேசினான். ஏற்றுக்கொண்டவர்களுக்கு ஊரில் இருக்க முடியவில்லை. 1799இல் தனியாக நிலம் வாங்கிக் குடியேறினார்கள். அதுதான் முதலூர். இன்றைக்கு உங்களுக்கு அந்த ஊரை மஸ்கோத் அல்வாவால்தான் தெரிந்திருக்கும், அதுவும் நல்ல அறிமுகம்தான். ஏறக்குறைய அதே காலத்தில், நாகர்கோவில் பக்கத்து மயிலாடியிலிருந்து மகராசன் என்பவர் சிதம்பரத்துக்கு யாத்திரை போனார். திரும்பும் வழியில் தஞ்சாவூரில் உறவுக்காரர் வீட்டில் தங்கினார். அந்த உறவுக்காரர்கள் கிறிஸ்தவர்கள். நடராஜரைக் கும்பிடப் போனவர் வேதமாணிக்கமாக ஊர் திரும்பினார். அவர் கூப்பிட்டுத்தான் ரிங்கல்தௌபே என்ற ஜெர்மானிய மிஷனெரி 1806இல் திருவிதாங்கூருக்குள் வந்தார். 1809இல் மயிலாடியில் கோயில் எழுந்தது. தஞ்சாவூரில் அந்த யாத்திரைக்காரருக்கு இலை போட்டது யார் என்று எந்தச் சரித்திரத்திலும் நான் பார்க்கவில்லை. எங்கள் சபைக்கு அவள்தான் முதல் ஊழியக்காரி என்பது என் கட்சி.

மத்தியப் பிரதேசத்து தமோவில் பிறந்த டொனால்டு மெக்காவ்ரன் என்ற அமெரிக்க மிஷனெரி இதையே ஆராய்ந்து 1955இல் ஒரு புத்தகம் போட்டார். உறவும் சாதியும் போட்டுவைத்த பாலங்கள் வழியாகத்தான் மக்கள் கூட்டமாக விசுவாசத்துக்கு வருகிறார்கள், தனி ஆளைப் பிய்த்து எடுத்து வருவது மிஷனெரி பங்களாவின் வழக்கம் என்றார். உலகம் முழுக்க அதைப் பாடமாக நடத்தினார்கள்.

அவர் சொன்னது நிஜம். ஆனால் அந்தப் பாலத்தில் வேதத்தோடு கூடவே சாதியும் ஏறி வந்ததை இங்கே இருக்கிற நாங்கள்தான் அனுபவிக்கிறோம். மாமன் மச்சான் வழியாக வந்த சபை, மாமன் மச்சான் சபையாகவே நின்றுவிட்டது. கல்கத்தாவின் அத்தியட்சர் (பிஷப்) டேனியல் வில்சன் 1833இல் சபைக்குள் சாதி வித்தியாசம் கூடாது என்று கண்டிப்பாகக் கடிதம் எழுதியபோது, தஞ்சாவூரில் பலர் சபையை விட்டார்களே தவிர சாதியை விடவில்லை. வடக்கன்குளத்துக் கத்தோலிக்கர்கள் 1872இல் கட்டிய கோயிலில் இரண்டு கூடங்கள், நடுவில் தடுப்பு. பீடத்தில் நிற்கிற சாமியாரை இரண்டு பக்கத்தாரும் பார்க்கலாம், ஒருவரை ஒருவர் பார்க்க முடியாது. 1910இல் அந்தச் சுவர் இடிக்கப்பட்டது. வழக்கு மதராஸ் உயர் நீதிமன்றம் வரைக்கும் போனது. சுவரைத் திரும்பக் கட்டச் சொல்லி யாருக்கும் தீர்ப்பு கிடைக்கவில்லை.

அதே 1910இல்தான், கடல் தாண்டி எடின்பரோவில், எங்கள் ஊர்க்காரர் ஒருவர் இன்னொரு சுவரைப் பற்றிப் பேசினார்.

வேதநாயகம் சாமுவேல் அசரியா. 1874இல், திருச்செந்தூர்ப் பக்கத்து வெள்ளாளன்விளையில் ஒரு கிராமத்து ஐயரின் மகனாகப் பிறந்தவர். குருமனைப் பிள்ளை என்பதால் எனக்கு அவர்மேல் தனிப் பாசம். வாலிபத்தில் ஒய்.எம்.சி.ஏ.வில் வேலை பார்த்தார். 1902இல் யாழ்ப்பாணத்துக்குப் போனபோது, அங்கிருந்த தமிழ்க் கிறிஸ்தவர்கள் தங்கள் காசில் தாங்களே மிஷனெரி அனுப்புவதைப் பார்த்தார். அடுத்த வருஷமே பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கியது. சங்கத்தின் பணியிடமாகத் தேர்ந்தது நிஜாம் சீமையின் தோர்ணக்கல். மற்றவர்களை அனுப்பிவிட்டுத் தான் உட்கார்ந்திருக்கக் கூடாது என்று 1909இல் அவரே அங்கே போய்த் தெலுங்கு கற்றுக்கொண்டார்.

எடின்பரோவில் 1910 ஜூனில் நடந்தது உலக மிஷனெரி மாநாடு. ஏறத்தாழ 1,200 பிரதிநிதிகள். ஆசியாவிலிருந்து போனவர்கள் இருபது பேருக்கும் குறைவு. அசரியாவுக்கு 35 வயது. வெளிநாட்டு ஊழியரும் உள்நாட்டு ஊழியரும் எப்படிச் சேர்ந்து வேலை செய்வது என்பது அவருக்குக் கொடுத்த தலைப்பு. மேடை மரியாதைக்கு நாலு நன்றி சொல்லி இறங்கியிருக்கலாம். அவர் கைகுலுக்கலைப் பற்றியும் நாற்காலியைப் பற்றியும் சாப்பாட்டைப் பற்றியும் தேநீரைப் பற்றியும் பேசினார். நாங்கள் உங்களைப் பார்க்க வருகிறோம், நீங்கள் திரும்ப எங்கள் வீட்டுக்கு வருவதில்லை என்பதுதான் அதன் சாரம். இவையெல்லாம் வெறும் சடங்காக வேண்டாம், நட்பின் அடையாளமாக இருந்தால் இவையும் வேண்டும், இதற்கு மேலும் வேண்டும் என்றார். மிஷனெரிமாரின் தியாகத்தை அவர் குறைத்துப் பேசவில்லை. ஏழைகளுக்குக் கொடுத்தீர்கள், உயிரையும் கொடுத்தீர்கள் என்று ஒத்துக்கொண்டார். அதற்கு மேல் அவர் கேட்டது அன்பு, நண்பர்கள். கூட்டத்தில் சிலருக்கு முகம் சிவந்துவிட்டது. இன்றைக்கு அந்த மாநாட்டில் யார் யார் என்னென்ன பேசினார்கள் என்று கேட்டால், உலகச் சபைகளுக்கு முதலில் ஞாபகம் வருவது அந்தப் பேச்சுதான். இரண்டு வருஷம் கழித்து, 1912 டிசம்பர் 29இல், கல்கத்தாவில் அவரை ஆங்கிலிக்கன் சபையின் முதல் இந்திய அத்தியட்சராக அபிஷேகம் செய்தார்கள்.

அவருடைய பேச்சில் என்னைப் பிடித்துக்கொண்ட இடம் ஒன்று உண்டு. எங்களைக் கூப்பிட்டு விருந்து வையுங்கள் என்று மட்டும் அவர் கேட்கவில்லை, எங்கள் வீட்டுக்கும் வாருங்கள் என்று கேட்டார். விருந்து வைப்பது லேசு. நம் வீடு, நம் பாத்திரம், நம் சமையல். எல்லாம் நம் கையில். கூடவே பெருமையும் நமக்கு. அடுத்தவர் வீட்டுக்குப் போய், அவர் கொடுத்த இடத்தில் உட்கார்ந்து, அவர் வைத்ததைச் சாப்பிடுவதுதான் கஷ்டம். அங்கே நாம் கீழே இருக்கிறோம்.

சுவிசேஷங்களைத் திறந்து பாருங்கள். இயேசு விருந்து வைத்ததைவிட விருந்துக்குப் போனதுதான் அதிகம். கானா ஊரில் கல்யாண வீட்டுக்குப் போகிறார். பெத்தானியாவில் மார்த்தாள் சமைக்கிறாள், அவர் சாப்பிடுகிறார். வரிவசூல்காரன் சகேயு மரத்தில் ஏறி எட்டிப் பார்க்கும்போது, இறங்கி வா, இன்றைக்கு உன் வீட்டில் தங்க வேண்டும் என்று தானாகவே போய் விருந்தாளியாகிறார். சமாரியப் பெண்ணிடம் பேச்சைத் தொடங்கியதே தண்ணீர் கேட்டுத்தான். யூதர் வாய் வைக்காத குடத்துத் தண்ணீர். சீஷர்களை ஊர்களுக்கு அனுப்பும்போது, பணப்பை வேண்டாம், எந்த வீட்டில் ஏற்றுக்கொள்கிறார்களோ அங்கேயே தங்கி, கொடுப்பதைச் சாப்பிடுங்கள் என்றுதான் சொல்லி அனுப்பினார். கையில் ஒன்றும் இல்லாமல் போனால்தான் அடுத்தவர் கொடுக்க முடியும்.

பிலிப்பி பட்டணத்தில் பவுல் சந்தித்த லீதியாளை எனக்கு ரொம்பப் பிடிக்கும். இரத்தாம்பரம் விற்கிற வியாபாரி. ஞானஸ்நானம் வாங்கிய கையோடு அவள் பவுலைப் பார்த்து, என்னை விசுவாசி என்று நீங்கள் நிஜமாகவே எண்ணினால் என் வீட்டுக்கு வந்து தங்குங்கள் என்று வற்புறுத்துகிறாள். அது அழைப்பு மாதிரி இருந்தாலும் பரீட்சைதான். அந்தியோகியாவில் பேதுரு அந்தப் பரீட்சையில் தோற்றான். புறஜாதியாரோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தவன், எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் மெல்ல எழுந்து தள்ளிப் போய்விட்டான். பவுல் அவனை எல்லார் முன்னிலையிலும் கண்டித்தார். சபையின் முதல் பெரிய சண்டைகளில் ஒன்று பந்தியைப் பற்றியது.

லீதியாளின் கேள்வியை நான் நெல்லைத் தமிழில் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறேன். வீடு சந்திக்கப் போவோம். ஊரின் கடைசியில் இருக்கிற தெரு. பாயை உதறிப் போடுவார்கள். வேதம் வாசித்து, ஜெபம் முடிந்து எழுந்திருக்கும்போது, வீட்டுக்காரி கதவு மறைவில் நின்றபடியே கேட்பாள்: "எங்க வீட்டுல சாப்பிடுவியளா, ஐயரம்மா?" சாப்பிட வாங்க என்று அழைக்கமாட்டாள். சாப்பிடுவீர்களா என்று கேட்பாள். அந்தச் சின்ன வித்தியாசத்துக்குள் தலைமுறைக் கணக்கில் அனுபவம் இருக்கிறது. எனக்கு முன்னால் வந்தவர்கள் "இப்பத்தான் சாப்பிட்டோம்", "வயிறு சரியில்லை", "அடுத்த தடவை பார்ப்போம்" என்று நழுவியிருப்பார்கள். நான் உட்கார்ந்துவிடுவேன். கருப்பட்டிக் காப்பியோ, பழைய சோறும் சுட்ட கருவாடுமோ, இருப்பது வரும். அதற்குப் பிறகுதான் அந்த வீட்டில் பேச்சே ஆரம்பிக்கும். அதுவரை அவள் உம் கொட்டிக்கொண்டு இருந்திருப்பாள், அவ்வளவுதான்.

எங்கள் ஊர்களின் அசனத்தை இங்கே சொல்லாமல் விட முடியாது. கோயில் பிரதிஷ்டைப் பண்டிகையிலும் ஸ்தோத்திரப் பண்டிகையிலும் ஊருக்கே சோறு. முந்தின இரவிலிருந்து ஆண்கள் சமைப்பார்கள். அண்டா அண்டாவாக வடித்த சோற்றைப் பாயில் மலையாகக் கொட்டி வைத்திருப்பார்கள். ஆட்டுக்கறிக் குழம்பின் வாசனை பஸ் நிறுத்தம் வரை வரும். கிடா நேர்ந்துவிடுகிறவர்களில் இந்துக்களும் உண்டு, பந்தியில் எல்லாரும் உண்டு. உவரி அந்தோணியார் கோயிலிலும் மற்றக் கத்தோலிக்க ஊர்களிலும் இதே அசனத்தைப் பார்க்கலாம். நல்ல பழக்கம், நூறு வருஷம் நடக்கட்டும். ஆனால் அங்கேயும் நாம்தான் வீட்டுக்காரர், மற்றவர்கள் விருந்தாளி. வருஷம் ஒருநாள் ஊருக்கே சோறு போட்டுவிட்டு, மிச்ச நாளெல்லாம் அடுத்த தெருவில் தண்ணீர் குடிக்க யோசிக்கிறவர்களையும் நான் அறிவேன். அவர்களுக்குச் சபையில் நல்ல பதவியும் இருந்தது.

இந்த இடத்தில் ஒரு கேள்வி வரும், வரத்தான் வேண்டும். இந்தப் பழக்கம், பாசம், சாப்பாடு எல்லாம் ஆள் பிடிப்பதற்கான தூண்டில்தானே?

என் வீட்டுக் கதையையே எடுத்துக்கொள்கிறேன். தாது வருஷப் பஞ்சத்தில் கஞ்சித்தொட்டி வரிசையில் நின்று கிறிஸ்தவளானவள் எங்கள் பூட்டி. எங்கள் சொந்தத்தில் பலருக்கு இதைச் சொல்லக் கூச்சம். ஏதோ தரிசனம் கண்டு வந்ததாக மாற்றிச் சொல்வார்கள். எனக்குக் கூச்சமில்லை. 1876-78 பஞ்சத்தின்போதும் அதற்குப் பிறகும் திருநெல்வேலியில் ஆயிரக்கணக்கானவர்கள் சபையில் சேர்ந்தார்கள் என்பது அத்தியட்சர் கால்டுவெல் காலத்துப் பதிவுகளிலேயே உண்டு. அரிசிக் கிறிஸ்தவர்கள் என்று அப்போதே கேலியும் செய்தார்கள். ஆனால் கஞ்சி குடித்தவர்கள் எல்லாருமா கிறிஸ்தவர்கள் ஆனார்கள்? மழை பெய்ததும் திரும்பிப் போனவர்கள் உண்டு. எங்கள் பூட்டி போகவில்லை. எங்கள் ஆச்சி அதற்குச் சொன்ன காரணம் இது: கஞ்சி ஊற்றிய உபதேசியார், பஞ்சம் தீர்ந்த பிறகும் வீட்டுக்கு வந்தார். பூட்டி காய்ச்சிய கூழை வாங்கிக் குடித்தார். அன்றுவரை அவள் கையில் எந்த வெளியாளும் வாங்கிக் குடித்ததில்லை.

தூண்டில் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். மறைக்க ஒன்றுமில்லை. ஒரு வீட்டோடு உயிருக்குயிராகப் பழகிவிட்டு, அவர்கள் ஞானஸ்நானத்துக்கு வரமாட்டார்கள் என்று தெரிந்ததும் அந்தத் தெருப் பக்கமே போகாதவர்களைப் பார்த்திருக்கிறேன். கணக்குப் பார்த்துப் பழகுகிறவனை ஜனங்கள் இரண்டு சந்திப்பில் கண்டுபிடித்துவிடுவார்கள். காந்தி மிஷனெரிகளிடம் தொண்டு செய்யுங்கள், மதம் மாற்றாதீர்கள் என்று 1930களில் திரும்பத் திரும்பச் சொன்னதற்கு இந்தக் கசப்பும் காரணம். அசரியா காந்தியோடு இதில் ஒத்துப்போகவில்லை. தாழ்த்தப்பட்ட மக்களுக்கும் தங்கள் விசுவாசத்தைத் தாங்களே தேர்ந்துகொள்ளும் புத்தியும் உரிமையும் உண்டு என்பது அவர் நிலை. இதே அசரியாதான், கிறிஸ்தவர்களுக்குத் தனித் தேர்தல் தொகுதி வேண்டாம், அது நம்மை ஒரு கட்சியாக்கிவிடும் என்று எதிர்த்தவர். எனக்கு இரண்டு பேர் சொன்னதிலும் நியாயம் தெரிகிறது. ஆனாலும், கடைசித் தெருப் பெண்ணுக்கு எது நல்லது என்று அவளைக் கேட்காமல் பெரியவர்கள் கூடிப் பேசி முடிவு செய்வது எனக்கு ஒப்பாது. அந்த மட்டில் நான் அசரியா கட்சி.

தோர்ணக்கலில் அவர் செய்தது எங்கள் பக்கத்துக் கதையிலிருந்து கொஞ்சம் வேறு. அங்கே முதலில் வந்தவர்கள் மாலர், மாதிகர் என்ற ஒடுக்கப்பட்ட மக்கள். ஞானஸ்நானம் பெறும்போது ஒவ்வொருவரையும் தன் தலையில் தானே கை வைத்து, நான் சுவிசேஷத்தைச் சொல்லாவிட்டால் எனக்கு ஐயோ என்று உறுதி சொல்ல வைத்தார். எழுத்து தெரியாத கூலிக்காரர்கள் சொன்னார்கள். அவர்கள் மேடை ஏறவில்லை. நாற்று நடுகிற வயலில், களத்துமேட்டில், கூட வேலை செய்கிறவனிடம் சொன்னார்கள். 1930களில், அவர்களுக்கு வேலை கொடுத்துவந்த விவசாயச் சாதிகளிலிருந்தும் ஆட்கள் சபைக்கு வரத் தொடங்கினார்கள். தங்களிடம் கூலி வேலை பார்க்கிறவன் குடியை விட்டதையும், பிள்ளையைப் பள்ளிக்கு அனுப்பியதையும் பக்கத்தில் இருந்து பார்த்தவர்கள். 1939இல் அங்கே பிரதிஷ்டையான தேவாலயத்தில் கோயில் தூணும் மசூதிக் கும்மட்டமும் ஒன்றாகவே இருக்கின்றன.

வட ஆற்காட்டுத் திருப்பத்தூரில் இன்னொரு முயற்சி நடந்தது. 1921இல் டாக்டர் சவரிராயன் ஜேசுதாசனும், ஸ்காட்லாந்தில் கம்பளி நூல் ஆலை வைத்திருந்த செல்வக் குடும்பத்துப் பிள்ளையான டாக்டர் எர்னஸ்ட் பாரஸ்டர் பேட்டனும் சேர்ந்து கிறிஸ்துகுல ஆசிரமத்தைத் தொடங்கினார்கள். கதர் உடை, தரையில் பந்தி, ஏழைகளுக்கு வைத்தியம். ஜனங்களுக்கு அவர்கள் பெரியண்ணன், சின்னண்ணன். வெள்ளைக்காரர்தான் சின்னண்ணன்! எடின்பரோவில் அசரியா கேட்டது அங்கே கிடைத்தது என்று நான் நினைத்துக்கொள்வேன். 1932இல் மதராஸ் தெருவில் கதர் உடுத்தி நின்ற சின்னண்ணனை, மறியல்காரர் என்று போலீஸ் தடியால் அடித்தது. இங்கிலாந்துப் பாராளுமன்றம் வரை அந்தச் செய்தி போனது.

பெரிய ஆட்களின் கதை போதும். எதிர்வீட்டு ஆச்சியைப் பற்றிச் சொல்கிறேன்.

சைவ வீடு. நாங்கள் குடிவந்த புதிதில் பிள்ளையார் சதுர்த்தி அன்று ஒரு தூக்குச் சட்டியில் கொழுக்கட்டை கொண்டுவந்தார்கள். நான் வாங்குவதற்கு முன்னாலேயே, "இது படைக்கிறதுக்கு முந்தி தனியா எடுத்து வச்சது ஐயரம்மா. நீங்க யோசிக்காம சாப்பிடலாம்" என்றார்கள். படைத்ததைக் கிறிஸ்தவர்கள் சாப்பிடலாமா கூடாதா என்பதற்கு எங்கள் சபைகளில் எத்தனையோ பிரசங்கம் உண்டு. கொரிந்து சபைக்கே பவுல் அதைப் பற்றி நீளமாக எழுத வேண்டியிருந்தது. முன்னால் வைத்ததைக் கேள்வி கேட்காமல் சாப்பிடு, அடுத்தவன் மனசாட்சியை மட்டும் பார்த்துக்கொள் என்பதுதான் அவர் காட்டிய வழி. ஆச்சி கொரிந்தியர் நிருபம் வாசித்ததில்லை. என் மனசாட்சிக்காக முதல் ஈட்டில் ஒரு தட்டு தனியாக அவித்திருக்கிறார்கள். உபசாரம் என்றால் அதுதான். கிறிஸ்துமஸுக்கு நான் முந்திரிக்கொத்தும் அச்சுமுறுக்கும் கொடுத்து அனுப்பும்போது, முட்டை சேர்க்காத சட்டி வேறாக இருக்க வேண்டும் என்பதை அவர்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொண்டேன்.

ஆச்சி தன் மூத்த மகனை ஒரு விபத்தில் பறிகொடுத்தவர்கள். ஒரு பெரிய வெள்ளிக்கிழமை, மூன்று மணி ஆராதனை முடிந்து நான் வீட்டுக்கு வந்து நடையில் உட்கார்ந்திருந்தேன். ஆச்சி வந்து பக்கத்தில் உட்கார்ந்தார்கள். வெகுநேரம் கழித்து, "அந்தம்மா நின்னு பார்த்துக்கிட்டு இருக்கையிலயா பிள்ளையைக் கொன்னாவ?" என்று கேட்டார்கள். ஆமாம் என்றேன். "பிறகு அந்தம்மாவை யாரு பார்த்துக்கிட்டா?" சிலுவையில் தொங்கிக்கொண்டே அவர் தன் தாயை ஒரு சிநேகிதன் கையில் ஒப்புக்கொடுத்ததைச் சொன்னேன். அன்றிலிருந்து அவள் அந்தச் சிநேகிதன் வீட்டில் இருந்தாள் என்பதையும் சொன்னேன். பிறகு உயிர்த்தெழுதலைப் பற்றியும், நான் எதை நம்புகிறேன் என்பதையும், என் அம்மா இறந்தபோது அது எனக்கு எப்படி உதவியது, எங்கே உதவவில்லை என்பதையும் பேசினேன். இருட்டும் வரை பேசிக்கொண்டிருந்தோம். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு வாங்க என்று நான் கூப்பிடவில்லை. அவர்கள் கேட்டதற்குப் பதில் சொன்னேன். உங்கள் நம்பிக்கையைக் குறித்துக் கேட்கிறவர்களுக்குச் சாந்தத்தோடும் மரியாதையோடும் பதில் சொல்ல ஆயத்தமாக இருங்கள் என்றுதான் பேதுருவும் எழுதியிருக்கிறான். கேட்கிறவர்களுக்கு என்று எழுதியிருக்கிறதை மைக் செட் போடுகிறவர்கள் கொஞ்சம் கவனிக்க வேண்டும்.

ஆச்சி இன்றைக்கும் காலையில் நெல்லையப்பர் படத்துக்குப் பூப் போட்டுவிட்டுத்தான் காப்பி குடிக்கிறார்கள். என் சபைக்கார அக்கா ஒருத்தி, "இத்தனை வருஷம் பழகியும் ஆத்துமா ஆதாயம் ஆகலையே" என்று குறைப்பட்டாள். ஆத்துமாவைக் கணக்கெழுதுகிற பேரேடு என்னிடம் இல்லை. எனக்குக் காய்ச்சல் வந்தால் கஞ்சி கொண்டுவருவது ஆச்சிதான், குறைப்பட்ட அக்கா இல்லை.

என் விசுவாசத்தை நான் மூடி வைத்திருக்கிறேன் என்று நினைக்க வேண்டாம். இயேசுவைத் தெரியாதவர்களுக்கு அவரைச் சொல்ல வேண்டும் என்ற பாரம் எனக்கு உண்டு. இல்லையென்றால் நான் கிறிஸ்தவளே இல்லை. கேட்டு, யோசித்து, ஞானஸ்நானம் எடுத்தவர்களும் என் அடுப்படித் திண்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் நண்பர்களிடம் பேசுகிற மாதிரிதான் எனக்குப் பேசத் தெரியும். நண்பனுக்கு மறுக்கவும் உரிமை உண்டு, மறுத்த பிறகும் அவன் நண்பன்.

இப்போதைய பிள்ளைகள் தினமும் விடிகாலையில் வாட்ஸாப்பில் எல்லாருக்கும் வசனம் அனுப்புகிறார்கள். பூவும் சூரிய உதயமும் போட்ட வசனம். அதே அடுக்குமாடியில் அடுத்த கதவில் யார் குடியிருக்கிறார்கள் என்று கேட்டால் தெரியாது. அந்த வீட்டுப் பாட்டி ஹைகிரவுண்ட் ஆஸ்பத்திரியில் கிடப்பதும் தெரியாது. வசனத்தை நிறுத்தச் சொல்லவில்லை. படி இறங்கிப் போய் ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலோடு பார்த்துவிட்டு வரச் சொல்கிறேன்.

கிறிஸ்தவ வாசகர்களே, பண்டிகைக்குப் பலகாரம் அனுப்புகிற பழக்கத்தை விட்டுவிடாதீர்கள். அதோடு இந்த வருஷம், உங்கள் தெருவிலோ அடுத்த தெருவிலோ நீங்கள் இதுவரை தண்ணீர் குடிக்காத வீடு எது என்று யோசித்து, அங்கே போய் ஒரு வேளை சாப்பிடுங்கள். மற்ற வாசகர்களுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். உங்களோடு பழகும் கிறிஸ்தவர் எதற்காகப் பழகுகிறார் என்று சந்தேகம் இருந்தால், மனசுக்குள் வைத்துக்கொண்டிருக்காமல் நேரே கேளுங்கள். அல்லது வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டுப் பாருங்கள். வந்து உட்கார்ந்து, இரண்டாம் தடவை சோறு வாங்கிச் சாப்பிடுகிறாரா என்று பாருங்கள். கறி எடுக்க வேண்டியதில்லை, ரசமும் துவையலும் போதும்.